கல்வட்டத்தைக் கலைக்காமல் காணும் முறை: கிருஷ்ணகிரி, தருமபுரி ஈமக்காடுகளுக்குச் செல்வோர்க்கு

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் நோக்கியோ பர்கூர், ஊத்தங்கரைப் பக்கமாகவோ செல்பவர்கள், சாலையைவிட்டுச் சற்று விலகி நிற்கும் கரடுகளின் அடிவாரத்தில், மாந்தோப்புக்கும் தரிசுக்கும் நடுவே, முழங்கால் உயரப் பாறாங்கற்கள் வட்டமாகப் பதிந்து கிடப்பதைப் பார்த்திருக்கலாம். அவை இரும்புக் காலத்து மக்கள் தம்முள் இறந்தோர்க்கு எழுப்பிய ஈமச்சின்னங்கள். எழுத்தும் சிற்பமும் இல்லாததால் கோயிலையும் கோட்டையையும் பார்ப்பதுபோல் இவற்றைப் பார்க்க இயலாது; பார்ப்பதற்கென்று ஒரு முறை வேண்டும். அம்முறையின் முதல் விதி, வந்ததற்கு அடையாளமே இல்லாமல் திரும்புவது. ஒரு கல்லையும் ஒரு பானை ஓட்டையும் இடம் மாற்றாமல் எவ்வளவு தெரிந்துகொள்ள முடியுமோ அவ்வளவையும் தெரிந்துகொள்வதற்கான வழியே இங்கே சொல்லப்படுகிறது.

இந்த விதியை நான் ஒரு தவற்றின் வழியாகவே கற்றேன். கல்லூரியில் படித்த காலத்தில், சிதைந்த கல்வட்டம் ஒன்றின் அருகில் கிடந்த பானை விளிம்பு ஒன்றை எடுத்து வந்தேன். உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு, வழவழப்பான மேற்பூச்சு. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுடும்போது காற்றுப் படாத உட்புறமும் வாய்ப்பகுதியும் கருத்து, காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவக்கும் என்பதை அந்த ஓட்டை வைத்துப் பலருக்கும் விளக்கியிருக்கிறேன். ஆனால் அது எந்த வட்டத்தருகே, எத்திசையில், எந்தக் கல்லுக்கு எவ்வளவு தூரத்தில் கிடந்தது என்று ஒருவர் கேட்டபோது விடை சொல்ல முடியவில்லை. கிடந்த இடத்தில் அது ஒரு சான்றாக இருந்தது; என் அலமாரிக்கு வந்த பிறகு வெறும் ஓடாகிவிட்டது.

எதைப் பார்க்கிறோம் என்று அறிதல்

போகுமுன் சில பெயர்களைத் தெரிந்துகொள்வது நல்லது. தரைமேல் பாறாங்கற்கள் வட்டமாக நின்றால் அது கல்வட்டம். அவ்வட்டத்தின் நடுவே சிறு கற்களைக் கொட்டி மேடாக்கியிருந்தால் அம்மேட்டைக் கற்குவை என்பர். அந்த மேட்டுக்கு அடியில் பெரும்பாலும் பலகைக் கற்களால் ஆன பெட்டி போன்ற அறை ஒன்று இருக்கும், அதுவே கற்பதுக்கை. சங்கப் பாடல்களில் பாலை நிலத்து வழிகளில் வரும் ‘பதுக்கை’ என்ற சொல் இன்றும் தொல்லியலாளர் வாயில் வழங்குகிறது. அதே அறை மண்ணுக்குள் புதையாமல் தரைமேல் முழுமையாக எழுந்து, மேலே ஒரு மூடுகல்லோடு நின்றால் அதற்குக் கல்திட்டை என்று பெயர். தனித்து நிற்கும் உயரமான ஒற்றைக் கல் நெடுங்கல். ஊர்ப் பேச்சில் குத்துக்கல். இறந்தோர் எலும்புகளையும் படையல் கலங்களையும் வைத்த முதுமக்கள் தாழியும், கால்கள் கொண்ட சுடுமண் ஈமப்பேழையும் மண்ணுக்குள் இருப்பவை. மேலே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அவை எட்டுவதில்லை. எட்டும்படி இருந்தால் அங்கே ஏற்கனவே யாரோ தோண்டியிருக்கிறார்கள், அல்லது மழைநீர் அரித்திருக்கிறது என்று பொருள்.

பதுக்கையின் கட்டுமானத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். நான்கு பலகைக் கற்களைச் சாந்தோ ஆணியோ இல்லாமல் நிறுத்தியிருப்பார்கள். ஒவ்வொரு பலகையின் ஒரு முனையும் அடுத்த பலகையைத் தாண்டி நீண்டு, அது உள்ளே சாயாமல் தடுத்து நிற்கும். மேலிருந்து பார்த்தால் சுவஸ்திக வடிவம் தெரியும். வெளிப்புற மண் உள்நோக்கி அழுத்த அழுத்த, பலகைகள் ஒன்றையொன்று இன்னும் இறுகப் பற்றிக்கொள்ளும். ஒரு பலகையை உருவினால் மற்ற மூன்றும் நிலைகுலையும் என்பதால்தான், இத்தனை காலம் மழையையும் வெயிலையும் தாங்கிய அறை ஒரே நாள் கடப்பாரை வேலையில் விழுந்துவிடுகிறது. பலகைகளுள் ஒன்றில், பெரும்பாலும் கிழக்குப் பக்கத்தில், வட்டமாகவோ அரைவட்டமாகவோ ஒரு துளை வெட்டியிருப்பார்கள். அதை இடுதுளை என்பர். எல்லா இடத்திலும் அது கிழக்கு நோக்குவதில்லை. ஆகவே திசையைக் குறித்துக்கொள்வது முக்கியம்.

கல்திட்டைகளைப் பார்க்க விரும்புவோர்க்கு இப்பகுதியில் முதலில் நினைவுக்கு வருவது மல்லசந்திரம். அங்கே திட்டைகள் ஒரு பாறைக் குன்றின் மேலேயே அமைந்திருக்கின்றன. தோண்ட முடியாத பாறையில் அறை தரைக்கு மேலே எழுந்தது இயல்புதான். பலகைக்கான கல்லும் காலடியிலேயே கிடைத்தது, ஏனெனில் இங்குள்ள பாறைப் பரப்பு தகடு தகடாக உரியும் தன்மையுடையது. கிருஷ்ணகிரிப் பகுதித் திட்டைகள் சிலவற்றின் உட்சுவரில் வெள்ளை நிறத்தில் தீட்டிய ஓவியங்களும் உண்டு. அவற்றைப் பற்றிய எச்சரிக்கை பின்னால் வருகிறது.

காலம் பற்றி ஒரு சொல். பர்கூரை ஒட்டிய மயிலாடும்பாறையில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அகழ்ந்தபோது கிடைத்த மாதிரிகளின் காலம் கி.மு. 1615, கி.மு. 2172 எனக் கணிக்கப்பட்டதை 2022 மே மாதம் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிவித்தார். தமிழகத்தில் இரும்பு நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே புழங்கியது என்ற செய்தி அன்றிலிருந்து எல்லார் வாயிலும் இருக்கிறது. ஆனால் அந்தக் கணிப்பு, ஒரு குறிப்பிட்ட அகழாய்வுக் குழியின் குறிப்பிட்ட மண்ணடுக்குக்கு உரியது. ஊத்தங்கரைப் பக்கம் காணும் ஒரு கல்வட்டத்தின் முன் நின்று ‘இது கி.மு. 2172’ என்று படத்தின் கீழ் எழுதிவிடக் கூடாது. ஈமச்சின்னம் எழுப்பும் வழக்கம் இங்கே பல நூற்றாண்டுகள் நீடித்தது. அகழாமல் ஒரு வட்டத்தின் வயதைச் சொல்ல முடியாது. ‘இரும்புக் காலத்தது’ என்று எழுதினால் போதும்.

உழவர் குவித்த கல்லும் ஈமக் கற்குவையும்

புதிதாகச் செல்வோர் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான். கொள்ளும் கேழ்வரகும் விதைக்கும் மேட்டுநிலங்களில், உழுமுன் கற்களைப் பொறுக்கி வரப்போரத்தில் குவிப்பது இன்றும் நடக்கும் வேலை. அந்தக் குவியலில் கைக்கடங்கும் கற்களும் சிறு பாறைகளும் கலந்து தளர்வாகக் கிடக்கும். புதிதாக உடைந்த முகமும் ஏர் கீறிய தழும்பும் தெரியும். நிலத்தின் ஓரத்திலோ மூலையிலோ நீள்வாக்கில் இருக்கும். ஈமக் கற்குவை நிலத்தின் எல்லையை மதிப்பதில்லை, ஏனெனில் அது எல்லைகளுக்கு முந்தியது. அதைச் சுற்றி ஏறத்தாழ ஒத்த பருமனுள்ள பெரிய கற்கள் மண்ணில் பாதி புதைந்து நிற்கும். மேல்முகத்தில் பாறைப்பாசி வெள்ளையும் சாம்பலுமாக வட்டவட்டமாய்ப் படர்ந்திருக்கும். கல்லின் அடியில் விரல் நுழையும் இடைவெளிகூட இராது.

சிலசமயம் இரண்டும் ஒன்றாகிவிடுவதும் உண்டு. எந்தப் பயிரும் வைக்க முடியாத வட்டத்தின் நடுவிலேயே உழவர் தம் கற்களையும் கொட்டிவிடுவார். அதனால் வட்டம் மறைந்தாலும், ஒருவகையில் அதுவே காப்பாகவும் ஆகியிருக்கிறது. கற்கள் கொட்டப்பட்ட வட்டத்தைப் பொக்லைன் எளிதில் தொடுவதில்லை. குவையின் நடுவில் மட்டும் குழிந்து, அக்குழியைச் சுற்றி மண்ணும் கல்லும் வெளிப்புறமாய்ச் சரிந்திருந்தால் அது புதையல் தேடியவர் வேலை. பதுக்கைகளில் பொன் இருக்கும் என்ற நம்பிக்கை இங்கே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. உள்ளே இருப்பவை பானைகள், இரும்புக் கருவிகள், மணிகள், எலும்புகள். துருவேறிய இரும்பைக் கண்டதும் தோண்டியவர் எறிந்துவிட்டுப் போகிறார், அறிவதற்கு இருந்ததும் அத்தோடு போய்விடுகிறது.

எப்போது, எப்படிப் போவது

தை பிறந்த பிறகு மாசி முடியும்வரை ஏற்ற காலம். மழைக்காலத்தில் உண்ணிச்செடியும் கோரையும் கல்லை மூடிவிடும். பங்குனிக்குப் பின் பாறைமேல் பகலில் நிற்க முடியாது. காலையில் சூரியன் எழுந்து ஒரு மணி நேரத்துக்குள்ளும் மாலையில் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பும் வெயில் சாய்வாக விழும். உச்சிவெயிலில் சமதரையாகத் தெரியும் இடம் அந்நேரத்தில் நிழலால் மேடாகத் தெரியும். இடுதுளையின் உளி வெட்டும் துலங்கும். ஒரே வட்டத்தைக் காலையிலும் மாலையிலும் பார்த்தவர்க்கு இரண்டு வட்டத்தைப் பார்த்ததுபோல் இருக்கும்.

முழுக்கால்சட்டையும் கணுக்கால் மறைக்கும் காலணியும் வேண்டும். பலகைக்கல்லின் அடியில் தேளும் கட்டுவிரியனும் தங்கும். எனவே இடுதுளைக்குள் கையைவிடக் கூடாது, டார்ச்சு ஒளியை வெளியிலிருந்தே செலுத்திப் பார்க்க வேண்டும். மூடுகல்லின் அடியில் தேன்கூடு இருக்கிறதா என்று தொலைவிலேயே நின்று பார்த்துவிடுவது நல்லது. தேன்கனிக்கோட்டை, தளி, ஜவளகிரிப் பக்கங்களில் காட்டுக்குள் இருக்கும் சின்னங்களுக்கு வனத்துறை அனுமதியின்றிப் போகக் கூடாது. அது யானை நடமாடும் காடு. அனுமதி கேட்பது சடங்குக்காக அன்று, உயிருக்காக.

ஊராரிடம் கேட்பது

ஈமக்காடு எங்கே இருக்கிறது என்பது வரைபடத்தைவிட ஆடு மேய்ப்பவர்க்கே நன்றாகத் தெரியும். ஆனால் ‘கற்பதுக்கை எங்கே’ என்று கேட்டால் யாருக்கும் விளங்காது. பாண்டவர் குழி, பாண்டவர் வீடு, மோரியர் வீடு, குள்ளர் வீடு என்று ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு பெயர். வனவாசத்தில் பாண்டவர் தங்கிய இடம் என்ற கதை தென்னிந்தியா முழுவதும் உண்டு; 1823-இல் மலபார் ஈமச்சின்னங்களைப் பற்றி எழுதிய பாபிங்டன் என்ற ஆங்கிலேயரும் இந்தப் ‘பாண்டு குழி’ என்ற பெயரையே தலைப்பில் வைத்தார். எல்லைப்புறத்து ஊர்களில் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழி என்பதால், பெயரைக் கேட்டவுடன் அது எம்மொழியில் சொல்லப்பட்டதோ அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். நாம் திருத்தினால் ஒரு சான்று அழியும்.

கேட்கும் விதமும் முக்கியம். நிலத்துக்காரரைக் கண்டதும் வணக்கம் சொல்லி, எந்த ஊரிலிருந்து வருகிறோம், எதற்கு வருகிறோம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ‘அய்யா, உங்கள் கொல்லையில் பழைய காலத்துக் கல் வட்டமாக நிற்கிறதாமே, பார்த்துவிட்டுப் போகலாமா? எதையும் தொடமாட்டோம்’ என்றால் பெரும்பாலோர் தாமே கூட வந்து காட்டுவார்கள். ‘புதையல்’ என்ற சொல் விளையாட்டுக்கும் வாயில் வரக் கூடாது. இருட்டிய பிறகு அங்கே நிற்கவும் கூடாது; அமாவாசை இரவில் எலுமிச்சம்பழமும் கடப்பாரையுமாக வந்தவர்களைப் பார்த்துப் பழகிய ஊரில், டார்ச்சோடு திரியும் அயலார் மீது ஐயம் வருவது இயற்கை. திட்டைக்குள் விளக்கோ மஞ்சள் பூசிய கல்லோ இருந்தால், அது இன்று ஒரு குடும்பத்தின் வழிபாட்டிடம். செருப்பைக் கழற்றிவிட்டு, கேட்ட பிறகே படம் எடுக்க வேண்டும்.

அளந்து எழுதுதல்

கோடிட்ட நோட்டு, பென்சில், 30 மீட்டர் நாடா, திசைகாட்டி, பத்துப் பத்து சென்டிமீட்டராகக் கருப்பும் வெள்ளையும் தீட்டிய ஒரு மீட்டர் மரக்கோல் ஆகியவை போதும். திசைகாட்டி கைப்பேசியிலேயே இருக்கிறது; ஆனால் இரும்புக் கோல், வண்டி ஆகியவற்றின் அருகில் வைத்துப் பார்த்தால் அது பொய் சொல்லும்.

வட்டத்தினுள் நுழைவதற்கு முன் வெளியே ஒருமுறை முழுக்கச் சுற்றி வர வேண்டும். அந்தச் சுற்றில் எதையும் எழுதாமல் பார்ப்பது என் வழக்கம். முதலிலேயே நோட்டைத் திறந்தால் கண் நோட்டுக்குள் போய்விடுகிறது. பிறகு வடக்குப் பக்கத்துக் கல்லை 1 என வைத்து, கடிகாரம் சுற்றும் திசையில் எல்லாக் கற்களுக்கும் எண் கொடுக்க வேண்டும். எண் நோட்டில் மட்டும் இருக்க வேண்டும். கல்லின் மேல் சாக்பீஸாலோ பெயிண்டாலோ எழுதக் கூடாது. ஒவ்வொரு கல்லின் உயரம், அகலம், அது நிற்கிறதா சாய்ந்திருக்கிறதா விழுந்திருக்கிறதா என்பவற்றை எழுதிவிட்டு, கல் இருந்து பெயர்ந்த இடைவெளிக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும். இல்லாத கல்லைக் குறிப்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் பின்னாளில் வருபவர்க்கு அதிகம் பயன்படுவது அந்தக் குறிப்புதான். வட்டத்தின் விட்டத்தைக் கிழக்கு மேற்காகவும் வடக்கு தெற்காகவும் இருமுறை அளக்க வேண்டும், ஏனெனில் எந்த வட்டமும் சரியான வட்டமாக இருப்பதில்லை. நாடாவைக் கல்லின் உள்முகத்திலிருந்து பிடித்தோமா வெளிமுகத்திலிருந்து பிடித்தோமா என்பதையும் எழுத வேண்டும். மேட்டின் உயரம், நடுவே குழி இருக்கிறதா, பலகையின் விளிம்பு தெரிகிறதா, இடுதுளை எத்திசையில், அருகில் அடுத்த வட்டம் எத்தனை அடி தொலைவில், பக்கத்து நீர்நிலை எது என்பவை அடுத்து வரும். வட்டங்கள் விளைநிலத்தை விட்டுக் கரட்டடியிலேயே இருப்பது ஏன் என்பது நான்கைந்து இடங்களை எழுதிய பிறகு உங்களுக்கே புலப்படும்.

படம் எடுக்கையில் தொலைவுப் படம் ஒன்று, நான்கு திசையிலிருந்தும் ஒவ்வொன்று, பிறகு நுணுக்கமானவை என்ற வரிசை நல்லது. கோலைக் கல்லின் மேல் சாய்க்காமல் பக்கத்தில் வைக்க வேண்டும். தரையில் ஓடு தெரிந்தால் கிடந்தபடியே கோலோடு படமெடுத்து, எந்தக் கல்லிலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதிவிட்டு அங்கேயே விட்டுவிட வேண்டும். ஓவியம் உள்ள திட்டையில் தண்ணீர் தெளிப்பதோ எண்ணெய் தடவுவதோ, ஓரத்தைச் சாக்பீஸால் வரைந்து காட்டுவதோ கூடவே கூடாது. தண்ணீர் பட்டால் கோடு ஒரு நிமிடம் பளிச்சென்று தெரியும். உலரும்போது நிறமியையும் சேர்த்துப் பெயர்க்கும். மங்கலாக இருக்கிறதே என்று வருந்துவோர், படத்தைக் கணினியில் நிறம் கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

பூங்கா போலக் குழந்தைகளை மூடுகல்மேல் ஏற்றிப் படமெடுக்கும் பழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பலகை எப்படி நிற்கிறது என்று மேலே படித்தவர் ஏற்றமாட்டார்.

சட்டம் சொல்வது

நடுவண் அரசின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் நீல நிறப் பலகை நின்றிருக்கும். 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010-ஆம் ஆண்டுத் திருத்தமும் இவற்றுக்குப் பொருந்தும். பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கும் அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டவோ தோண்டவோ முடியும். சின்னத்தைச் சிதைப்பவர்க்கு இரண்டாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மாநில அரசுப் பாதுகாப்பில் உள்ளவற்றுக்கு 1966-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் உண்டு. பலகை இல்லாத இடத்தில் தோண்டலாம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். மண்ணில் புதைந்து கிடைக்கும், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை ஆட்சியரிடம் தெரிவித்தாக வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. அந்தப் பத்து ரூபாய் இன்றும் சட்டத்தில் பத்து ரூபாய்தான்.

யாருக்கும் தெரியாத வட்டத்தைக் கண்டால்

பலகையுள்ள இடங்கள் சிலவே. பலகையில்லாத ஈமக்காடுகள் இவ்விரு மாவட்டங்களிலும் மிகப் பல. கல்குவாரி, மனைப்பிரிவு, சாலை, சமன்செய்யும் இயந்திரம் என்று எதுவேண்டுமானாலும் ஒரு வாரத்தில் அவற்றை இல்லாமலாக்கிவிடும். எனவே எழுதியதை உரிய இடத்தில் சேர்ப்பது வேலையின் பாதி.

முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண்ணைக் கேட்டு, அது பட்டா நிலமா புறம்போக்கா என்று அறிய வேண்டும். அரசின் இணையச் சேவையில் அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். பிறகு ஒரு பக்கத்துக்கு மிகாத மனு ஒன்று எழுத வேண்டும். மாவட்டம், தாலுகா, வருவாய்க் கிராமம், புல எண், கல்வட்டங்களின் எண்ணிக்கை, பெரிய கல்வட்டத்தின் அளவு, இப்போதுள்ள ஆபத்து ஆகியவை மட்டும் போதும். பண்டைத் தமிழர் பெருமையைப் பற்றிய பத்தியை மனுவில் சேர்த்தால், அலுவலர் தேடும் புல எண் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விடும். படங்களையும் கல் வரிசைப் பட்டியலையும் இணைத்து, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை பெற்றுக்கொள்ள வேண்டும். படி ஒன்றை மாநிலத் தொல்லியல் துறைக்கும், மற்றொன்றைக் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கும் அனுப்பலாம். தருமபுரிப் பக்கத்தவர் அங்குள்ள அகழ்வைப்பகத்தில் தெரிவிக்கலாம். நடுகற்களைப் பார்க்கவும் அங்கே ஒருமுறை போகத்தான் வேண்டும். மயிலாடும்பாறையைப் போலவே தருமபுரி மாவட்டத்துப் பெரும்பாலையிலும் 2022-இல் மாநிலத் துறை அகழ்ந்திருப்பதால், இப்பகுதியைப் பற்றி அவர்களிடம் புதிதாக விளக்க வேண்டியிராது.

பட்டா நிலமாக இருந்தால், மனு கொடுப்பதற்கு முன் நிலத்துக்காரரிடம் சொல்லிவிடுவது நேர்மை. நிலம் பறிபோகும் என்ற அச்சத்தால் இரவோடு இரவாகக் கல் பெயர்க்கப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். நேரில் சொன்ன இடங்களில் அப்படி நடக்கவில்லை. துல்லியமான இருப்பிடத்தை முகநூலிலோ வாட்ஸ்அப்பிலோ போடவே கூடாது. மாவட்டத்தின் பெயரும் தாலுகாவின் பெயரும் வாசகர்க்குப் போதும். அதற்குமேல் தேவைப்படுபவர் அலுவலராக இருப்பார், அல்லது கடப்பாரை வைத்திருப்பவராக இருப்பார்.

மனு கொடுத்த ஆண்டுக்கு அடுத்த தையில் அதே நோட்டோடு மீண்டும் போக வேண்டும். வடக்குக் கல்லிலிருந்து தொடங்கி அதே வரிசையில் எண்ணி, நிற்பவற்றுக்கு எதிரே ஒரு கோடும், இல்லாதவற்றுக்கு எதிரே அன்றைய தேதியும் எழுத வேண்டும்.